பண்ணை வீட்டு விடுமுறை: முன்பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். கெந்திங்கா, லங்காவியா, கேமரன் மலையா, எந்த ஹோட்டலில் நீச்சல் குளம் இருக்கிறது, எங்கே காலைச் சாப்பாடு சேர்த்துத் தருகிறார்கள் என்று நாள் கணக்கில் ஓடும். போன விடுமுறைக்கு நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு, பேராக்கில் தாப்பா பக்கம் ஒரு சிறு பண்ணையில், பலகை வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். வந்த அன்றைக்கே உங்களுக்கு எழுத நினைத்தேன், வேலை, பிள்ளைகளின் டியூஷன் என்று தள்ளிப்போய் இப்போதுதான் உட்கார முடிந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், தயவு செய்து வெட்டாமல் போடுங்கள்.

நாங்கள் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் தெரியும். இந்த மலேசியாவில் முதன்முதலில் வியாபாரத்துக்காக, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, 1917இல் ஹென்றி ஃபோகோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. அப்படிப்பட்ட தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு காசு கொடுத்து இன்னொரு பண்ணைக்குப் போக வேண்டுமா என்று என் கணவரின் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பின் பின் வரிசையில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு சாக்கடை, ஒரு முள்வேலி, அந்நியர் நுழையக்கூடாது என்று ஒரு பலகை, அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. ஒன்பது வயதாகும் என் மகன் பிறந்த நாள் முதல் அந்த மரங்களைப் பார்க்கிறான், ஒரு நாள் கூட அதன் அடியில் போய் நின்றதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த காலத்தில் மாமியார் வீட்டுக் கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, நாலு ஆடு, பத்துக் கோழி எல்லாம் இருந்ததாம். லயத்தை இடித்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது சிமெண்டு போட்ட முற்றம். கறிவேப்பிலைக்குக்கூட பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு வெள்ளி கொடுக்கிறோம்.

இதற்கு முன்னால் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மலை அடிவாரத்துத் தங்குமிடத்துக்குப் போனோம். பெயரிலேயே பசுமை, வாசலில் மூங்கில், சுவரில் இலை படம். உள்ளே போனால் அறைக்கு இரண்டு ஏர்கண்டிஷன், தலைக்கு நாலு பிளாஸ்டிக் தண்ணீர் போத்தல், காலைச் சாப்பாடு நாசி லெமாக் வெள்ளைப் போலிஸ்டைரின் பெட்டியில் வந்தது. சாயந்திரம் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் அந்தப் பெட்டிகளைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்த விடுமுறை என்று சொல்லி அதற்கு இரண்டு இரவுக்கு எண்ணூறு வெள்ளிக்கு மேல் வாங்கினார்கள். எங்களுக்கும் புத்தி வேண்டும், முன்கூட்டியே எதையும் கேட்கவில்லை.

அதனால் இந்த முறை, உடன் வேலை செய்யும் பெண் ஒருவர் தாப்பா பண்ணையைப் பற்றிச் சொன்னதும் முதலில் போன் போட்டுக் கேட்டேன். குளிக்க எங்கிருந்து தண்ணீர் வருகிறது, கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது, குப்பையை என்ன செய்கிறீர்கள், தோட்டத்துக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள், சமைப்பது யார், காய்கறி எங்கிருந்து என்று வரிசையாகக் கேட்டேன். கேட்கவே கூச்சமாகத்தான் இருந்தது. எடுத்தவர் அந்தப் பண்ணைக்காரரின் மனைவி, சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், கடைசியில், "இதையெல்லாம் யாரும் கேக்கறதில்ல தங்கச்சி, வைஃபை இருக்கான்னுதான் கேப்பாங்க" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

காரை வீட்டிலேயே விட்டுவிட்டோம். கொழுந்தனார் ரவாங் வரைக்கும் கொண்டுவந்து விட்டார், அங்கிருந்து இடிஎஸ் ரயிலில் தாப்பா ரோடு. மின்சார ரயில், புகை கிடையாது, நெரிசலில் மாட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. மகனுக்கு அதுவே பாதி விடுமுறை. ஸ்டேஷனுக்குப் பண்ணைக்காரர் தன் வேனோடு வந்திருந்தார். அவரும் போனில் பேசிய அந்த அக்காவும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். லோரி ஓட்டிச் சேர்த்த காசில் ஐந்து ஏக்கர் வாங்கி, டுரியான், மங்குஸ்தீன், பெட்டாய், வாழை என்று வைத்து, ஓரமாக இரண்டு பலகை வீடு கட்டியிருக்கிறார்கள். அங்கே முன்பே நின்ற நாற்பது ஐம்பது பழைய ரப்பர் மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூண் மேல் நிற்கும் வீடு, மேலே தகரம், பெரிய ஜன்னல், உயரமான கூரை, இரண்டு காற்றாடி. ஏர்கண்டிஷன் இல்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் போர்வை தேவைப்பட்டது. கூரைத் தண்ணீர் ஒரு பெரிய தொட்டியில் விழுகிறது, குளிக்கவும் கழுவவும் அதுதான். தொட்டியின் வாயில் நெருக்கமான வலை கட்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீரைத் திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு முட்டை போட்டு டெங்கி வரும், வாரம் ஒரு முறை வலையைக் கழற்றிப் பார்ப்பேன் என்றார் பண்ணைக்கார அண்ணன். குளித்த தண்ணீர் குழாய் வழியாக வாழைப் பாத்திக்குப் போகிறது. என் மகள் பதினான்கு வயதுப் பெண், வீட்டில் அரை மணி நேரம் ஷவரைத் திறந்துவிட்டு நிற்பவள், இரண்டாவது நாள் இரண்டு வாளியில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தாள், அவ்வளவுதான். சிலாங்கூரில் தண்ணீர் வெட்டு வரும்போதெல்லாம் வாளி வாளியாகப் பிடித்து வைத்துப் பழகியவர்கள் நாம், தண்ணீர் வந்த மறுநாளே மறந்துவிடுகிறோம்.

சாண அடுப்பைப் பற்றி மகன் இன்னும் பேசுகிறான். மூன்று மாடு இருக்கிறது. காலையில் சாணத்தை வாரி, அதே அளவு தண்ணீர் விட்டு, கூழ் மாதிரி கரைத்து மண்ணுக்குள் புதைத்த தொட்டியில் ஊற்றுகிறார்கள். காற்றுப் படாமல் அது உள்ளே புளித்து வாயு கிளம்புகிறது, ஒரு குழாய் வழியாக அடுப்புக்கு வருகிறது. முதல் நாள் சாணம் என்றதும் இரண்டடி பின்னால் போனவன், மறுநாள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கட்டியைக் கரைத்துக்கொண்டிருந்தான். அந்த அக்கா அவனைக் கூப்பிட்டு, "நீ கரைச்சதுல சமைக்கிறேன் பாரு" என்று சொல்லி அடுப்பைப் பற்ற வைத்தார். நீல நிறத்தில், சத்தமில்லாமல், கரி பிடிக்காமல் எரிகிறது. அவன் அந்த நெருப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் கொதிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் சாணத்துக்கு இரண்டு மணி நேரம் வரை எரியும் என்றார்கள், பத்தாததற்குக் கேஸ் சிலிண்டர் தோம்பும் வைத்திருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. தொட்டியின் மறுபக்கம் வழியும் கழிவில் நாற்றமே இல்லை, அது மரங்களுக்கு எரு.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கு முக்கியக் காரணம் என் மாமியார்.

அவருக்கு 72 வயது. பதினான்கு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். பிறகு தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் அவரை மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் தொட்டி, கையில் பம்பு, வெயிலில் வரிசை வரிசையாகக் களைக்குப் பராகுவாட் அடிப்பது. கையுறை கொடுத்தாலும் அந்த வெக்கையில் போட முடியாது, முகமூடி என்றால் தலையில் கட்டிய துண்டுதான். நகமெல்லாம் கருத்துப் போய் விழுந்தது, மூக்கில் இரத்தம் வரும், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. அந்த மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்துவிட்டார்கள். 2002இலேயே நிறுத்துவதாக அறிவித்து, பிறகு தளர்த்தி, இழுத்துக்கொண்டே போய் கடைசியில் நடந்த தடை அது. அதற்குள் என் மாமியாரைப் போன்ற எத்தனை பெண்கள் அந்தத் தொட்டியைச் சுமந்து முடித்திருப்பார்கள்.

பண்ணைக்குப் போய் இறங்கியதும் அவர் செருப்பைக் கழற்றவில்லை. வீட்டுப் படியில் உட்கார்ந்து, புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அண்ணனைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க மருந்து அடிக்கிறீங்களா?" என்றார். "இல்லம்மா, மெஷின்ல வெட்டுறதுதான், மாடு கொஞ்சம் மேயும்" என்றார் அவர். சாயந்திரம் மறுபடி கேட்டார், வாழைக்கும் அடிக்கிறதில்லையா என்று. மறுநாள் காலை மூன்றாவது முறையாகக் கேட்டபோது அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு மண்வெட்டியை எடுத்து மாமியார் முன்னாலேயே ஒரு வெட்டு வெட்டி மண்ணைப் புரட்டிப் போட்டார். கறுத்த மண், கொழுத்த மண்புழு இரண்டு நெளிந்தது. மாமியார் குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே வைத்தார். ஊருக்குத் திரும்பும் வரைக்கும் அதைப் போடவில்லை. அந்த வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே நான் அன்றைக்குப் பாத்திரம் கழுவினேன், என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

கடைசி நாள் விடிகாலை ஐந்தரைக்கு அவரே பிள்ளைகளை எழுப்பினார். பண்ணைக்காரரிடம் பால் வெட்டும் கத்தியைக் கேட்டு வாங்கி, கட்டை விரலால் கூர் பார்த்து, தீட்டித் தரச் சொன்னார். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனோம். வெயில் ஏறினால் பால் ஓடாது, அதனால்தான் விடிவதற்கு முன் போவது என்று மகளுக்குச் சொன்னார். முதலில் பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நீளமாக உரித்து எடுத்தார். அப்புறம் இடது மேலிருந்து வலது கீழாக, கத்தியைத் தள்ளாமல் தன் பக்கம் இழுத்து இழுத்து, ஒரு காசு கனத்துக்குப் பட்டையைச் சீவினார். சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. வெட்டின இடத்தில் முதலில் புள்ளி புள்ளியாக வெள்ளை, பிறகு அது ஒன்று சேர்ந்து கோடாகி, வாய்க்காலில் இறங்கி, தகர மூக்கின் நுனியில் ஒரு கணம் நின்று மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. முப்பது வருடத்துக்கு மேல் கத்தி தொடாத கை. மகள் வெட்டிப் பார்த்தாள், ஆழமாக இறங்கிவிட்டது, "கட்டையில படக்கூடாதுடி, காயமாயிட்டா பட்டை திரும்பி வராது" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து வெட்ட வைத்தார். முதல் நாள் முழுக்க போன் லைன் கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெண் அவள். தமிழ்ப்பள்ளியில் தோட்டத் தொழிலாளர் வரலாறு என்று நாலு வரி படித்திருக்கிறாள், பாட்டி அதில் இருந்தார் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்திருக்கும்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். அட்டை கடித்தது. இரண்டாவது நாள் மத்தியானம் முழுக்க மழை, பிள்ளைகள் சலித்துப் போனார்கள். கழிவறை வெளியே இருக்கிறது, ராத்திரி மாமியாருக்குத் துணைக்கு நான் எழுந்து போக வேண்டியிருந்தது. முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்தப் படி சிரமம்தான். சாப்பாட்டில் குறையே இல்லை. மரவள்ளிக்கிழங்கு அவித்து நெத்திலிச் சம்பல், புச்சுக் பாக்குக் கீரைப் பிரட்டல், குளத்துத் தீலாப்பியா, கொல்லையில் பறித்த கீரை. ஐந்து பேருக்கு இரண்டு இரவும் சாப்பாடும் சேர்த்து நானூறு வெள்ளிதான் ஆனது.

எனக்கு உண்மையில் வேதனையாக இருந்தது பக்கத்து வீட்டில் வந்து தங்கிய குடும்பம். நம்மவர்கள்தான். வந்ததும் ஸ்பீக்கரை வெளியே வைத்துப் பாட்டு, காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி, பெட்டி பெட்டியாகப் போத்தல் தண்ணீர், கிளம்பும்போது குழந்தையின் பெம்பர்ஸை வாழை மரத்தடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சிலாங்கூரில் 2017இல் இருந்து பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வாங்குகிறார்கள், அந்த 20 காசுக்காகக் கையில் பை கொண்டுபோகிறோம், காசு கேட்காத இடத்தில் நம் கை தன் வழக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்த அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பொறுக்கி எடுத்தார். வந்தவர்களைக் கோபித்துக்கொண்டால் அடுத்து யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. காசு கொடுத்துவிட்டால் எதையும் செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் தயவு செய்து ஹோட்டலுக்கே போய்விடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு அங்கே வெளி விளக்கு எல்லாம் அணைத்துவிடுவார்கள். பிள்ளைகள் முதல் முறையாக அவ்வளவு நட்சத்திரம் பார்த்தார்கள். எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தான் எங்களுக்குப் பக்கம்தான், ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையும், அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மோட்டார் இல்லாத துடுப்புப் படகில்தான் கூட்டிப்போவார்கள். கரையில் மரத்தை வெட்டினாலும் விளக்கைப் போட்டாலும் அந்தப் பூச்சி தாங்காது. இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு என் பிள்ளைகளை நான் கூட்டிப்போனதில்லை. திரும்பி வந்த வாரமே போனோம்.

பண்ணை என்று எழுதியிருந்தாலே நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. கேமரன் மலையில் பண்ணைகளுக்குக் குறைவில்லை. மலைச்சரிவை வெட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டுப் பயிர் செய்ததில் மழைக்குக் கரைந்த மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்ந்து கொள்ளளவைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபரில் அந்த அணை நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. ஸ்ட்ராபெரி பறித்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கும் நாம் இதைக் கேட்பதே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், முன்பணம் கட்டுவதற்கு முன் தண்ணீர், குப்பை, மருந்து, சாப்பாடு, இந்த நாலையும் கேளுங்கள். உண்மையாகச் செய்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள், மழுப்புகிறவர்களிடம் போகாதீர்கள்.

இன்னொன்று. கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், தங்கும் ஹோம்ஸ்டே திட்டம் 1995இல் பகாங் தெமர்லோவில் தொடங்கியது. மலாய்க் கம்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டு அழகாக நடத்துகிறார்கள், விருந்தாளிக்கு ரப்பர் வெட்டிக் காட்டுகிறார்கள், நம் ஆட்கள் அதையும் காசு கொடுத்துப் பார்க்கிறோம். நம்மிடம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நிலமும் அறவே இல்லாமல் போகவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு என் மாமியாரின் அப்பா மாதா மாதம் பத்து வெள்ளி கட்டியவர். அப்படிச் சேர்த்த காசில் வாங்கிய தோட்டங்களின் ஓரத்தில் பத்துப் பலகை வீடு கட்டி, என் மாமியார் வயதுக்காரர்களைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சங்கத்துப் பெரியவர்கள் இதைப் படித்தால் யோசியுங்கள். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் வாசகர்களும் யோசியுங்கள். பெரிய முதலீடு வேண்டியதில்லை, சுத்தமான கழிவறையும் மருந்து அடிக்காத மண்ணும் இருந்தால் எங்களைப் போன்ற குடும்பங்கள் வருவோம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில் ஹோட்டல் விளம்பரங்களோடு, நம் மக்கள் நடத்தும் இந்த மாதிரிச் சிறு பண்ணைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் நிருபர் ஒருவர் நேரில் போய், நான் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, தண்ணீர் போகும் இடத்தையும் குப்பை போகும் இடத்தையும் பார்த்து எழுதட்டும். தாப்பா பண்ணையின் விவரத்தை இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன், அவர்களின் சம்மதம் கேட்டுப் போடுங்கள், அவர்களுக்கு இருப்பது இரண்டே வீடு. விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னதாகவே வந்தால் நல்லது, ரயில் டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.